ஸுவாலஜி கிடைத்திருக்கிறது, சேரலாமா? மலையில் உயிரியல் பட்டத்தின் செலவும் வரவும்

ஜூன் மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குடையோடு ஒரு பிளாஸ்டிக் கவரையும் கொண்டுவருவார்கள். உள்ளே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல். கூடலூர்ப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, பி.எஸ்சி. விலங்கியல் படித்து, அந்தப் படிப்பை வைத்தே சம்பளம் வாங்குகிறவள் என்பதால், பிள்ளைகளை என்னிடம் அனுப்பிவைப்பது அக்கம்பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. இந்த வருடமும் ஒரு பெண் வந்தாள். நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமலே கேட்டாள்.

"சித்தி, ஊட்டி கவர்மெண்ட் காலேஜ்ல ஸுவாலஜி கெடச்சிருக்கு. சேரலாமா?"

பின்னால் நின்ற அவள் அம்மா மீதியைக் கேட்டார். "இதப் படிச்சா வேல இருக்கா தங்கச்சி? இல்ல, திருப்பூருக்கே அனுப்பிரட்டுமா?"

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி வருகிறது. அவசரத்தில் யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்துவிட்டு, மூன்று வருடம் கழித்து அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

ஃபீஸிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்; பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். உள்ளே போனபின் கல்விக் கட்டணம் என்று தனியாக வாங்குவதில்லை. பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப் ரெக்கார்டு, வெள்ளை கோட்டு எல்லாம் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு நிற்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் என்றால், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். மூன்று வருடத்துக்கு 36,000. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது, அதே தொகை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தும் 2024-ல் மலைக்கு ஏறிவிட்டது. தூரத்துப் பிள்ளைகளுக்கு அரசு விடுதி இருக்கிறது. 2025-ல் அதற்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். கூட்டிக் கழித்தால், ஊட்டி ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் நடக்கும் அந்த அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ வனவிலங்கு உயிரியலோ படிப்பது ஏறக்குறைய செலவில்லாத படிப்பு. இது சின்ன விஷயமே இல்லை. என் அம்மா காலத்தில் இந்த வாசலே எங்களுக்குத் திறந்திருக்கவில்லை.

ஆனால் செலவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் நான் பொய் சொன்னவளாவேன். பெரிய செலவு ரசீதில் வராது. அது காலம்.

அந்த அம்மா கேட்ட திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் பெண் பிள்ளைக்கு மாதம் 12,000 என்று வைத்துக்கொண்டால், பி.எஸ்சி. மூன்று வருடத்தில் வீட்டுக்கு வராமல் போகிற பணம் 4,32,000. மேலே எம்.எஸ்சி. இரண்டு வருடம் என்றால் 7,20,000. அதற்கும் மேலே பி.எட். இரண்டு வருடம் என்றால் 10,08,000. பத்து லட்சம் என்று தாளில் எழுதியதும் அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தாளைப் பார்த்தாள். அந்தப் பணம் அவர்கள் கையில் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனாலும் அதை விட்டுக்கொடுப்பது அவர்கள் வீடுதான். தம்பியின் படிப்பும் அப்பாவின் மூட்டுவலி வைத்தியமும் கூரைத் தகரமும் அந்தப் பத்து லட்சத்துக்குள்தான் இருக்கின்றன.

கோவையில் தனியார் கல்லூரிக்குப் போனால் கணக்கு வேறு. ஃபீஸும் விடுதியும் சேர்த்து மூன்று வருடத்துக்கு நான்கு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்பதில்லை என்பதால் பலர் அந்த எல்லையிலேயே நிற்கிறார்கள். படிப்புக் காலமும் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பலருக்கும் உறைக்காதது, அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காகப் பணம் வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் 5,20,000-ஆக நிற்கும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 11,000. பத்து வருடமாக நீட்டினால் மாதம் சுமார் 6,900, ஆனால் மொத்தமாகக் கட்டுவது எட்டு லட்சத்தைத் தாண்டும். உயிரியல் படித்துவிட்டுத் தனியார் ஆய்வகத்தில் முதல் வேலைக்குப் போகிறவளுக்குப் பதினைந்தாயிரம் சம்பளம் என்றால் அவள் எதைத் தின்பாள், எதைக் கட்டுவாள்? எம்.எஸ்சி.க்கு வாங்கிய கடனை நான் 2022-ல்தான் அடைத்தேன். அந்த வருடங்களில் தீபாவளிக்கு ஊருக்கு வருவதற்கே யோசித்திருக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: வெறும் பி.எஸ்சி. விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ கடன் வாங்காதீர்கள். அரசுக் கல்லூரியில் இடம் இல்லையென்றால் அடுத்த சுற்று கவுன்சலிங்குக்குக் காத்திருங்கள். வேறு ஊர் அரசுக் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஊரில் எல்லோரும் சொல்வது, "உயிரியல் படிச்சா டாக்டர், இல்லன்னா ஒண்ணுமில்ல." நீட் எழுதி மதிப்பெண் போதாமல் போனவர்கள் ஒதுங்குகிற இடமாகத்தான் பி.எஸ்சி.யைப் பார்க்கிறார்கள். இந்த மலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கும். நீலகிரியைப்போல உயிரியலை வைத்துப் பிழைத்த மலை தமிழ்நாட்டில் வேறு ஏது?

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். கல்லூரிக் காலத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் பஸ்ஸில் ஏறி இறங்கிய பாதை. நடுவே நடுவட்டம் வரும். மலேரியாவுக்கு மருந்தான குவினைன் எடுக்க, வெள்ளைக்காரர்கள் 1860-களில் சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள், அங்கே குவினைன் தொழிற்சாலையும் நடத்தினார்கள். தென் அமெரிக்க மரம் ஒன்று எந்த உயரத்தில், எந்தக் குளிரில், எந்த மண்ணில் பிழைக்கும் என்று கண்டுபிடித்தது தாவரவியல் வேலை. குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் வந்தது, வெறிநாய்க்கடி மருந்துக்காக. அந்த நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918-ல், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நாடு முழுக்க எந்த உணவில் எவ்வளவு புரதம் என்று சொல்கிற நிறுவனம் நம் குன்னூரில் பிறந்தது என்று எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இன்றைக்கும் குறைவில்லை. ஊட்டி புதுமந்தில் ஹியூமன் பயாலஜிகல்ஸ் நிறுவனம் 1999 முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரிக்கிறது. முத்தொரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். 1961-ல் இந்த மலையில்தான் உருளைக்கிழங்கின் தங்க நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். அதைத் தாங்குகிற குஃப்ரி சுவர்ணா ரகமும் பிறகு வந்தது. வெலிங்டனில் கோதுமை நிலையம். கோதுமையே விளையாத ஊரில் அது எதற்கு என்று கேட்கலாம். சமவெளியில் வெயில் காய்ந்து, கோதுமையைத் தாக்கும் துரு நோய்க் காளான் செத்துப்போகிற காலத்தில், அது உயிர் பிழைத்துக் கிடப்பது நீலகிரியிலும் பழனி மலையிலும்தான். இங்கிருந்து காற்றில் ஏறி வடக்கே போகிறது. அதனால் துருவைத் தாங்கும் கோதுமையை இங்கே வைத்துத்தான் சோதிக்கிறார்கள். மண்வளப் பாதுகாப்புக்கு ஊட்டியில் ஒரு மையம், செம்மறி ஆட்டுக்குச் சாண்டிநல்லாவில் ஒரு நிலையம், தேயிலைக்குக் குன்னூரில் உபாசி என்ற தோட்ட உரிமையாளர் சங்கம். கீழே முதுமலை: 1940-ல் சரணாலயம், 2007 முதல் புலிகள் காப்பகம். எல்லாவற்றையும் சுற்றி 1986-ல் அறிவித்த, நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம்.

வேலை இவ்வளவு இருக்கும்போது, பிள்ளைகள் ஏன் மலையிறங்கிப் போகிறார்கள்?

ஒவ்வொரு வாசலும் கேட்கிற காகிதம் வேறு என்பதால்தான். பி.எஸ்சி. விலங்கியல் என்ற சான்றிதழ் பல வாசல்களின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். உள்ளே போக இன்னொரு காகிதம் வேண்டும். அந்த இரண்டாவது காகிதம் எது என்று முதல் நாளே தெரிந்து சேர்ந்தவள் பிழைத்துக்கொள்கிறாள். தெரியாமல் சேர்ந்தவள் மூன்றாம் வருட முடிவில் விழிக்கிறாள். இத்தனை வருடம் பார்த்ததில் மதிப்பெண்ணைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு உதாரணம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு அரசு வேலை. ஹோட்டலில் எண்ணெயைச் சோதிப்பவர், மீன் மார்க்கெட்டில் மாதிரி எடுப்பவர். விலங்கியல் படித்தவளுக்குப் பொருத்தமான வேலை என்றுதானே தோன்றும்? விதியில் உள்ள பட்டியல் இது: உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், உயிர்த்தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் பட்டம், அல்லது வேதியியலில் முதுகலை, அல்லது மருத்துவப் பட்டம். விலங்கியலும் இல்லை, தாவரவியலும் இல்லை. ஒரே கல்லூரியில் பக்கத்து வகுப்பில் பயோகெமிஸ்ட்ரி படித்தவள் விண்ணப்பிக்கலாம், நீங்கள் முடியாது. இன்னொன்று லேப் டெக்னீஷியன். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலைக்கு டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டிப்ளமோ கேட்கிறார்கள். மூன்று வருடம் மைக்ரோஸ்கோப் பார்த்த பி.எஸ்சி. பட்டதாரி அங்கே செல்லுபடியாகமாட்டாள். பிளஸ் டூ முடித்து நேராக டி.எம்.எல்.டி. போன பள்ளித் தோழி அங்கே உட்கார்ந்திருப்பாள்.

பட்டத்தின் பெயரிலேயே நான் அடிபட்டிருக்கிறேன். எம்.எஸ்சி. சேர்ந்த தனியார் கல்லூரி சமவெளியில் இருந்தது. பாடத்தின் பெயரில் நுண்ணுயிரியலோடு இன்னும் இரண்டு வார்த்தை ஒட்டியிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதாம்மா, சந்தேகமே வேண்டாம்" என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். பிறகு ஒரு அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போனேன். இந்தப் பெயர் நுண்ணுயிரியலுக்கு இணையானது என்ற அரசாணை எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபப்படவில்லை, என் ஃபைலை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அதனால் சேர வருகிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள். பெயரில் கூடுதல் அலங்காரம் இருந்தால் இணையான பட்டம் என்ற அரசாணையை எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தர முடியாதென்றால் அங்கே சேராதீர்கள்.

ஆசிரியர் வேலை நம் வீடுகளில் முதல் கனவு. அதற்கு இரண்டாவது காகிதம் பி.எட்.; 2015 முதல் அது இரண்டு வருடம். பிறகு தகுதித் தேர்வு, அதற்கும் பிறகு நியமனத் தேர்வு. வென்றவர்களுக்குப் பலன் பெரிது. பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 36,400-ல் தொடங்குகிறது, முதுகலை ஆசிரியருக்கு 36,900. ஆனால் காலியிடங்களை விலங்கியலுக்குத் தனியாக, தாவரவியலுக்குத் தனியாக அறிவிக்கிறார்கள். அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை தனியார் பள்ளியில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்கு நிற்க வேண்டிவரும். கல்லூரி வேலை இதைவிட நீண்ட வரிசை. நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்ட்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அந்த மாதங்களில் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களில் இருவர் என் வகுப்புத் தோழிகள். கௌரவ விரிவுரையாளராக மாதம் 25,000 வாங்குகிறார்கள், வருடத்தில் பதினோரு மாதம்.

வனத்துறையைப் பற்றிப் பையன்கள் அதிகம் கேட்கிறார்கள். வனக் காப்பாளர் வேலைக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ போதும், இப்போது குரூப் 4 தேர்வில் வருகிறது. அதற்காகப் பட்டம் படிக்க வேண்டியதில்லை. மேலே வனத்தொழில் பழகுநர் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல் பட்டங்கள் செல்லும். அங்கிருந்துதான் ரேஞ்சர் ஆகிறார்கள். அதற்கும் மேலே இந்திய வனப் பணியான ஐ.எஃப்.எஸ். விலங்கியலும் தாவரவியலும் அந்தத் தேர்வுக்கு அடிப்படைத் தகுதியான பாடங்கள், விருப்பப் பாடங்களாகவும் எடுத்துக்கொள்ளலாம். பி.காம். படித்தவர் ஐ.ஏ.எஸ். எழுதலாம், ஐ.எஃப்.எஸ். எழுத முடியாது. நம் பட்டத்துக்குத் திறந்து மற்றவர்களுக்கு மூடியிருக்கிற வாசல்கள் கொஞ்சம்தான். அதில் இது பெரியது. நாடு முழுவதற்கும் 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 150 இடம் அளவில்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

காட்டு ஆராய்ச்சி வேலையை நானே பார்த்திருக்கிறேன். 2012-ல் பி.எஸ்சி. முடித்த கையோடு முதுமலையில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். மாதம் 9,500. காலை ஆறு மணிக்கு ஒரு நேர்க்கோட்டுப் பாதையில் நடக்கத் தொடங்குவோம். யானைச் சாணம் கண்டால் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று டேப் பிடிப்போம். சாணம் முழுதாக இருக்கிறதா, உதிர்ந்திருக்கிறதா, புல் முளைத்துவிட்டதா என்று தரம் பிரித்து எழுதுவோம். பென்சிலில்தான் எழுதுவோம், மழையில் பேனா மை ஓடிவிடும். முன்னால் காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணா போவார். அவர் நின்றால் நாங்களும் நிற்போம். ஒருநாள் கையைத் தூக்கி நிறுத்தினார், எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூங்கில் ஒடியும் சத்தம் வந்தது. வாசனையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தினக்கூலி, பட்டம் இல்லை. எங்களைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு எங்கள் உயிரைக் காப்பாற்றினார். அந்த அநியாயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பத்து மாதத்தில் திட்டப் பணம் முடிந்தது, என் வேலையும் முடிந்தது.

காட்டு ஆராய்ச்சியின் இயல்பே அதுதான். திட்டம் இருக்கும்வரை சம்பளம். 2022 டிசம்பரில் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது, ஐந்து வருடத்துக்கு. கணக்கெடுப்பில் 2024-ல் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303. அந்த எண்களுக்குப் பின்னால் பனியில் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த இளைஞர்கள் இருக்கிறார்கள். காட்டின்மேல் உண்மையான பிரியம் இருந்து, முப்பது வயது வரை நிலையில்லாத வருமானத்தை வீடு தாங்கும் என்றால் அந்தப் பாதையில் போகலாம். ஊட்டியில் வனவிலங்கு உயிரியல், ஆனைகட்டியில் சலீம் அலி மையம், டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையம் என்று படிகள் உண்டு. மேல்படிகளில் இடம் சில மட்டுமே.

பிஎச்.டி. பக்கம் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. படிப்பதற்கே இந்தச் சம்பளம். தனியார் ஆய்வகத்தில் பத்து வருட அனுபவம் உள்ளவர்களில் பலர் இதைத் தொடவில்லை. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கும் ஜி.ஏ.டி.-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி மத்திய உதவி பெறும் துறைகளில் சேர்ந்தால் மாதம் 5,000 உதவித்தொகை உண்டு. கடன் வாங்கி எம்.எஸ்சி. படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நெட் தேர்வில் இடறுவது மொழி. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் வந்த பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கும், வார்த்தை தெரியாது. நான் முதல் வருடத்தில் இரண்டு ரூல் நோட்டு போட்டேன். இடப்பக்கம் குன்றல் பகுப்பு, வலப்பக்கம் மியாசிஸ். இடப்பக்கம் சவ்வூடு பரவல், வலப்பக்கம் ஆஸ்மாசிஸ். தினமும் இருபது சொல். இரண்டாம் வருடக் கடைசியில் வலப்பக்கம் மட்டும் போதும் என்றாகிவிட்டது. அந்த நோட்டு இப்போது எங்கள் லைனில் கைமாறிக்கொண்டிருக்கிறது, அட்டை கிழிந்துவிட்டது.

நான் இப்போது இருப்பது ஊசி மருந்தின் தரத்தைச் சோதிக்கிற பிரிவில். ஒரு விளக்குப் பெட்டி, அதில் பின்புறம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. குப்பியைக் கழுத்தில் பிடித்து, நுரை வராமல் மெல்லச் சுழற்றி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து விநாடி, கறுப்புக்கு முன்னால் ஐந்து விநாடி. கறுப்புத் தூசி வெள்ளையில் தெரியும், கண்ணாடித் துணுக்கும் வெள்ளை நாரும் கறுப்பில் தெரியும். குமிழ் மேலே ஏறும், துணுக்கு கீழே இறங்கும். அதை வைத்துத்தான் பிரிப்போம். ஒரு குப்பி சரியில்லையென்றால் எடுத்துவைத்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதது நடக்காதது என்பதுதான் இங்கே சட்டம். இதற்குப் பெரிய அறிவு எதற்கு என்று கேட்டால், குமிழுக்கும் துணுக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் போன அன்று ஒரு குழந்தையின் கையில் அது ஏறிவிடும். முதுமலையில் சாணத்தைத் தரம் பிரித்து எழுதிய கைதான் இதற்கும் பழகியது. பார்ப்பதும், பார்த்ததை அப்படியே எழுதுவதும் உயிரியல் பட்டம் எனக்குத் தந்தது. அது வேறு எந்தப் படிப்பிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

இந்த வாசலுக்குப் பெரும்பாலும் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், பார்மசி படித்தவர்களைத்தான் முதலில் அழைக்கிறார்கள். பி.எஸ்சி. விலங்கியலோடு மட்டும் வந்தால் கஷ்டம். கோவை, திருச்சி, சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் உயிரியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லில் உள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடுகிற வேலை. உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். பிடித்த வேலையா என்பது வேறு, மாதச் சம்பளம் வருகிறது. எங்கள் லைனிலிருந்து போன பெண்கள் இரண்டு பேர் வீடு கட்டியிருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன்னால் இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு நீட் இல்லாமலே திறக்கிற வாசல்கள் உண்டு. பி.எஸ்சி. நர்சிங், லேப் டெக்னாலஜி போன்ற துணை மருத்துவப் படிப்புகள், பி.பார்ம்., கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல். இவற்றில் படித்து முடிக்கும்போதே கையில் தொழில் இருக்கும், இரண்டாவது காகிதம் தேட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி கடைசித் தேதி. கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இவற்றைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். வீட்டில் ஒரே சம்பளம், உடனே வேலைக்குப் போயாக வேண்டும் என்றால் நான் விலங்கியலைச் சொல்லமாட்டேன், நர்சிங்கையோ டி.எம்.எல்.டி.யையோதான் சொல்வேன். எனக்கு விலங்கியல்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் சரி.

இதையெல்லாம் அன்று அந்தப் பெண்ணிடம் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா நடுவில் எழுந்துபோய் எங்கள் அடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். மகள் காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சித்தி, ஸுவாலஜி சேந்துட்டு, அடுத்த வருஷம் நர்சிங்குக்கும் போடலாமா?"

போடலாம், ஆனால் ஒரு வருடம் போய்விடும், இந்த வருடமே போடு என்றேன். விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. எந்தச் சான்றிதழ் கையில் இல்லை என்று பார்த்தோம். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இல்லை. அதற்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும்.

அம்மா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு நான் வேலைக்குப் போகல. இவளோட போறேன். ஒரு நாள் சம்பளம்தானே, அதையும் அந்தத் தாள்ல எழுதிக்க தங்கச்சி" என்றார்.

எழுதிக்கொண்டேன்.